பணி ஓய்வுக்குப் பின் புளோரிடாவில் குடியேற வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் நியூ ஜெர்சியின் எடிசனிலிருந்து ஒரு தம்பதியர் வீடு பார்க்க வந்திருந்தார்கள். இருவரும் வேலையை விட்டு ஒரு வருடம் ஆகிறது. தாம்பாவுக்கு வடக்கே, மூன்று படுக்கையறைகளோடு, கொல்லையில் ஒரு முருங்கை மரமும் நிற்கும் வீடு ஒன்று அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. வெளியே வந்ததும் கணவர் காரின் முன்மூடியின் மேல் விற்பனைத் தாளை விரித்து, தற்போதைய உரிமையாளர் கட்டும் சொத்து வரியின் கீழே பேனாவால் இரண்டு கோடு போட்டார். வருடத்துக்கு 1,925 டாலர். எடிசனில் அவர் கட்டிக்கொண்டிருப்பது 11,000 டாலருக்கு மேல். மனைவியின் பக்கம் திரும்பி, "இது ஒன்றே போதும்" என்றார்.

2005-இல் இதே போன்ற ஒரு தாளில் இதே இடத்தில் நானும் கோடு போட்டேன். அதன் பிறகு 2009 முதல் இந்தப் பகுதியில் வீடு விற்பனை முகவராக இருக்கிறேன். வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், நாலைந்து வருடங்களில் மூட்டை கட்டித் திரும்பியவர்களையும் பார்த்திருக்கிறேன். வெயில், கொசு, பேரப்பிள்ளைகள் தொலைவில் இருப்பது ஆகியவற்றைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அவை வருவதற்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். பணம் மிச்சமாகும் என்று நம்பி வந்தவர்கள் அதே பணத்தின் பொருட்டு வெளியேறுவதற்குக் காரணமான தவறுகளை மட்டுமே சொல்கிறேன்.

விற்பவரின் வரியைத் தன் வரி என்று நினைப்பது

புளோரிடாவில் அடுத்தடுத்து நிற்கும், ஒரே வருடத்தில் ஒரே வரைபடத்தின்படி கட்டிய இரண்டு வீடுகளில் ஒருவர் 1,900 டாலரும் மற்றவர் 5,800 டாலரும் சொத்து வரி கட்டுவது சாதாரணம். நில மதிப்பு மளமளவென்று ஏறியதால் வயதானவர்கள் தங்கள் சொந்த வீட்டிலிருந்தே விரட்டப்படும் நிலை வந்தபோது, 1992-இல் வாக்காளர்கள் மாநில அரசியலமைப்பில் ஒரு திருத்தத்தை நிறைவேற்றினார்கள். நிரந்தரமாகக் குடியிருக்கும் வீட்டின் வரி மதிப்பு வருடத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. விலைவாசி உயர்வு அதைவிடக் குறைவாக இருந்தால் அந்த அளவுக்கு மேல் ஏறக்கூடாது. 1995-இலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. எனவே இருபத்தைந்து வருடமாக ஒரே வீட்டில் இருப்பவரின் வரி மதிப்பு, சந்தை மதிப்பில் பாதிக்கும் கீழே கிடக்கலாம்.

அந்தப் பாதுகாப்பு அந்த உரிமையாளருக்கு உரியது. வீட்டோடு சேர்ந்து வாங்குபவரின் கைக்கு வருவதில்லை. வீடு கைமாறிய பின் வரும் ஜனவரி 1 அன்று வரி மதிப்பு மறுபடியும் சந்தை மதிப்புக்கு எழும்புகிறது. புளோரிடாவுக்குள்ளேயே ஒரு வீட்டை விற்று இன்னொன்று வாங்குபவர், தான் சேர்த்துவைத்த வித்தியாசத்தைப் புதிய வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். 2008 முதல் அதற்கு வழி இருக்கிறது. உச்ச வரம்பு 5,00,000 டாலர். வெளிமாநிலத்திலிருந்து வருபவரிடம் எடுத்துவருவதற்கு எதுவும் இல்லை.

இந்தத் தவறை இத்தனை பேர் செய்வதற்குக் காரணம், அது உடனே தெரியாமல் போவதுதான். நான் 2005 ஜூனில் பத்திரம் முடித்தேன். அந்த நவம்பரில் வந்த வரி பில் 1,612 டாலர். அது அந்த வருடம் ஜனவரி 1 நிலவரப்படி, அதாவது முந்தைய உரிமையாளரின் மதிப்பையும், நிரந்தரமாகக் குடியிருப்பவர் என்று அவர் பெற்ற வரி விலக்கையும் வைத்துப் போட்ட கணக்கு என்பது எனக்குத் தெரியவில்லை. தாளில் பார்த்த தொகையே பில்லிலும் வந்ததால் நிம்மதியாக இருந்துவிட்டேன். கடன் கொடுத்த வங்கியும் அதே தொகையைப் பன்னிரண்டாக வகுத்து, மாதத் தவணையோடு வரிக்காகப் பிடித்துக்கொண்டிருந்தது. 2006 ஆகஸ்டில் கவுண்டியிலிருந்து, அதாவது நம் மாவட்டம் போன்ற உள்ளாட்சி அமைப்பிலிருந்து, உத்தேச வரி அறிவிப்பு வந்தது. அதன் மேலேயே, இது பில் அல்ல என்று அச்சிட்டிருக்கும். ஆகவே படிக்காமல் எடுத்து வைத்தேன். நவம்பரில் வந்த பில் 4,730 டாலர்.

வயிற்றில் புளியைக் கரைத்தது என்பார்களே, அது எனக்கு அன்று நவம்பரில் கூட முழுதாக நடக்கவில்லை. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் வங்கியின் கடிதம் வந்தபோதுதான் நடந்தது. வங்கி வரியைக் கட்டிவிட்டது, ஆனால் அதனிடம் சேர்ந்திருந்த என் பணத்தில் மூவாயிரம் டாலருக்கு மேல் பற்றாக்குறை. எனவே இனிமேல் மாதந்தோறும் புதிய வரிக்காக 260 டாலர் கூடுதலாகவும், பழைய பற்றாக்குறையை அடைக்க இன்னொரு 260 டாலரும் சேர்த்து, தவணை 520 டாலர் உயர்ந்தது. முன்கூட்டியே ஓய்வு பெற்று, மாதச் செலவை நூறு டாலர் துல்லியத்தில் திட்டமிட்டு வந்திருந்த குடும்பம் எங்களுடையது. அந்த வருடம் என் மனைவி ஒரு மருந்துக்கடையில் பகுதிநேர வேலைக்குப் போனார். ஓய்வெடுக்க வந்த ஊரில் அவர் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டு நின்ற காலை நேரங்களை நான் இன்னும் மறக்கவில்லை.

இன்றும் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்: விற்பனைத் தாள்களில் விற்பவரின் வரி கொட்டை எழுத்தில் நிற்கிறது. விற்பவரின் தற்போதைய வரியை நம்பக்கூடாது, உரிமை மாறினால் மதிப்பு மறுபடி கணக்கிடப்படும் என்று வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும் என இந்த மாநிலச் சட்டமே சொல்கிறது. அந்த எச்சரிக்கை, கையெழுத்துக்கு வரும் காகிதக் கட்டின் நடுவில் ஒரு சிறு பத்தியாகப் புதைந்து கிடக்கிறது. அதைப் படித்துவிட்டுக் கையெழுத்திட்டவர்களை என் ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம்.

செய்ய வேண்டியது கால் மணி நேர வேலை. ஒவ்வொரு கவுண்டியிலும் சொத்து மதிப்பீட்டாளர் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் அதிகாரி இருக்கிறார். பெரும்பாலான கவுண்டிகளில் அவருடைய இணையதளத்தில், முகவரியையும் நீங்கள் கொடுக்கப்போகும் விலையையும் இட்டால் உத்தேச வரியைச் சொல்லும் வசதி இருக்கிறது. எடிசன் தம்பதியருக்கு அங்கேயே கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். ஏறக்குறைய 5,800 டாலர் வந்தது. "அப்படியானால் இந்தத் தாளில் இருப்பது அவர்கள் வரி, நம் வரி இல்லையா, அண்ணா?" என்று அந்த அம்மாள் கேட்டார். அந்தக் கேள்வியை 2005-இல் நான் யாரிடமும் கேட்கவில்லை.

புதிய குடியிருப்புகளில் இதற்கு மேல் இன்னொரு சுமை உண்டு. சாலை, வடிகால், பூங்கா ஆகியவற்றுக்காகக் கட்டுமானச் சமயத்தில் வாங்கிய கடனை அடைக்க, சமுதாய மேம்பாட்டு மாவட்டம் என்ற அமைப்பு வருடந்தோறும் வசூலிக்கும் தொகை அதே வரி பில்லில் தனித் தொகையாக வரும். வீட்டின் மதிப்போடு இதற்குத் தொடர்பில்லை. எந்த விலக்கும் இதைக் குறைக்காது.

வருமான வரி இல்லை என்பதை மட்டும் நம்பி வருவது

புளோரிடாவில் மாநில வருமான வரி இல்லை என்பது உண்மை. 1924-இலிருந்தே அரசியலமைப்பு அதைத் தடுக்கிறது. ஆனால் ஓய்வு பெற்றவர் கேட்க வேண்டியது, இப்போது இருக்கும் மாநிலத்தில் தான் எவ்வளவு கட்டிக்கொண்டிருக்கிறார் என்பதைத்தான். கூட்டாட்சி அரசு முதியோருக்குத் தரும் சோஷியல் செக்யூரிட்டித் தொகைக்கு நியூ ஜெர்சி வரி போடுவதில்லை. 62 வயதைக் கடந்த தம்பதியரின் மொத்த வருமானம் 1,00,000 டாலருக்குள் இருந்தால், கூட்டாகத் தாக்கல் செய்யும்போது ஓய்வூதியமும் ஓய்வுக்கால சேமிப்பிலிருந்து எடுப்பதும் அங்கே முழுக்க விலக்குப் பெற முடியும். இப்படிப்பட்டவர்கள் வருமான வரியை மிச்சப்படுத்த இங்கே வருவதாகச் சொல்லும்போது, ஏற்கெனவே கட்டாத ஒரு வரியிலிருந்து தப்பி வருகிறார்கள். அவர்களுக்கு உண்மையில் மிச்சமாவது சொத்து வரியில்தான். அந்த மிச்சத்தையும் முதல் தவறு பாதியாக்கிவிடும்.

பெரிய சேமிப்பு வைத்திருப்பவர்களின் கணக்கு வேறு. 1996-இல் வந்த கூட்டாட்சிச் சட்டத்தின்படி, ஒரு மாநிலத்தை விட்டு வெளியேறியவரின் ஓய்வூதியத்துக்கு அந்தப் பழைய மாநிலம் வரி போட முடியாது. ஆண்டுக்கு இரண்டு லட்சம் டாலர் எடுக்கப்போகிறவருக்கு இடமாற்றம் நிச்சயமாகப் பயன் தரும். யாருக்குப் பயன், யாருக்கு இல்லை என்பதைக் கடந்த மூன்று வருட மாநில வரித் தாக்கலை எடுத்துவைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

காப்பீட்டு விலையை ஒப்பந்தத்துக்குப் பிறகு கேட்பது

திரும்பிப் போகிறவர்களிடம் காரணம் கேட்டால் முதலில் வரும் சொல் இன்சூரன்ஸ். 2022 செப்டம்பர் 28-இல் இயன் புயல் லீ கவுண்டியில் கரையேறி ஃபோர்ட் மையர்ஸ் கடற்கரையைச் சிதைத்தது. 2024-இல் இரண்டு வார இடைவெளியில் ஹெலீனும் மில்டனும் வந்தன. வீட்டைப் பார்த்த அன்றே அந்த முகவரிக்குக் காப்பீட்டு விலை வாங்குங்கள்.

பிரீமியத்தைவிட முக்கியமானது பாலிசியின் உள்ளே இருக்கும் விவரம். புயல் சேதத்தில் நீங்கள் முதலில் ஏற்க வேண்டிய பங்கு பெரும்பாலும் ஒரு நிலையான தொகை அல்ல. வீட்டின் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், 5 சதவீதம் என்று இருக்கும். 4,00,000 டாலர் வீட்டுக்கு 2 சதவீதம் என்றால் முதல் 8,000 டாலர் உங்கள் கையிலிருந்து போகும். வெள்ளம் சாதாரண வீட்டுப் பாலிசியில் அடங்காது. கூட்டாட்சி வெள்ளக் காப்பீட்டில் கட்டடத்துக்கு உச்ச வரம்பு 2,50,000 டாலர்; வீடு வாங்கக் கடன் எடுக்கும்போது சேர்த்து எடுத்தாலன்றி, வழக்கமாக 30 நாள் கழித்தே அது செல்லுபடியாகும். புயலின் பெயர் தொலைக்காட்சியில் வந்த பிறகு எடுத்துப் பயனில்லை.

செயின்ட் பீட்டர்ஸ்பர்கின் ஷோர் ஏக்கர்ஸ் பகுதியில் 2023-இல் இடாலியா புயலின்போதும் 2024-இல் ஹெலீனின்போதும் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. ஹெலீனுக்குப் பின் ஒரு தெருவில் நடந்தேன். வாசலுக்கு வாசல் நனைந்த மெத்தைகளும் உடைத்தெடுத்த சுவர்ப் பலகைகளும் குவிந்திருந்தன, சுவர்களில் இடுப்பளவில் ஒரு பழுப்புக் கோடு. வெள்ள அபாயப் பகுதியில் பழுதுபார்க்கும் செலவு கட்டடத்தின் சந்தை மதிப்பில் பாதியை எட்டினால், பழைய வீட்டை இன்றைய விதிப்படி உயர்த்திக் கட்ட வேண்டும். அந்தச் செலவைத் தாங்க முடியாமல், வெறும் மனை விலைக்கு விற்றுவிட்டுப் போன ஓய்வு பெற்றவர்கள் பலர்.

கூரையின் வயதைக் கேட்காமல் இருப்பது

பதினைந்து வருடத்தைத் தாண்டிய கூரை என்றால், புதுக் கூரையின் விலையைச் சேர்த்துத்தான் வீட்டின் விலை.

பழைய அடுக்குமாடியில் பராமரிப்புக் கட்டணம் குறைவு என்று மகிழ்வது

2021 ஜூன் 24 அன்று மயாமி அருகே உள்ள சர்ஃப்சைடில் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று இடிந்து 98 பேர் இறந்தார்கள். அதன் பிறகு 2022-இல் வந்த சட்டம், மூன்று தளமும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களுக்கு முப்பதாவது வருடத்தில் கட்டமைப்புச் சோதனையைக் கட்டாயமாக்கியது. பெரும் பழுதுகளுக்கான இருப்பு நிதியைச் சேர்க்காமல் தள்ளிப்போடும் பழைய வழக்கத்தையும் நிறுத்தியது. பல வருடங்களாகக் கட்டணத்தைக் குறைவாக வைத்திருந்த சங்கங்கள் இப்போது ஒரேயடியாகச் சிறப்பு வசூல் போடுகின்றன. நிலையான வருமானத்தில் வாழ்பவருக்கு ஐம்பதாயிரம் டாலர் கேட்டுக் கடிதம் வந்தால், அவர் வீட்டை விற்பதைத் தவிர வேறென்ன செய்வார்? வாங்கும் முன் சோதனை அறிக்கையையும் இருப்பு நிதி ஆய்வையும் கேட்டு வாங்குங்கள். சங்கம் தரத் தயங்கினால் அந்த வீடு வேண்டாம்.

மார்ச் 1

நிரந்தரமாகக் குடியிருப்பவருக்கான சொத்து வரி விலக்குக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் இதுதான், தானாக வராது.

இரண்டு மாநிலங்களிலும் குடியிருப்பவர் என்று சலுகை வாங்குவது

வடக்கே உள்ள வீட்டுக்குக் குடியிருப்போர் சலுகை வாங்கிக்கொண்டே இங்கும் விலக்குப் பெற்றால், கவுண்டி பத்து வருடம் பின்னோக்கிப் போய் வரியையும், அதன் மேல் 50 சதவீத அபராதத்தையும், ஆண்டுக்கு 15 சதவீத வட்டியையும் கேட்கலாம். "யாருக்குத் தெரியப்போகிறது" என்று சொன்ன ஒருவருக்குத் தெரிந்துபோயிற்று.

மெடிகேர் அட்வான்டேஜ் திட்டம் எங்கும் செல்லும் என்று நம்புவது

முதியோருக்கான கூட்டாட்சி மருத்துவக் காப்பீடான மெடிகேரைத் தனியார் நிறுவனங்கள் வழியாகத் தரும் இந்தத் திட்டம் பெரும்பாலும் கவுண்டி சார்ந்தது. கோடையில் மகள் வீட்டுக்குப் போனால் அவசர சிகிச்சை கிடைக்கும், வழக்கமான மருத்துவருக்குப் பணம் கிடைக்காமல் போகலாம்.

ஜனவரியில் பார்த்துவிட்டு, வடக்கே உள்ள வீட்டை உடனே விற்பது

நியூயார்க், நியூ ஜெர்சியிலிருந்து இங்கே வந்து, பிறகு பாதி தூரம் திரும்பி வட கரோலினாவிலும் டென்னசியிலும் குடியேறுபவர்களை இங்கே ஹாஃப்பேக் என்று அழைக்கிறார்கள். நான் வழியனுப்பியவர்களில் பெரும்பாலோர் அவசரமாக வந்தவர்கள். குளிர்காலத்தில் ஒரு வாரம் தங்கி, தாம்பா இந்துக் கோயிலின் ராஜகோபுரத்தைப் பார்த்து, டவேரஸில் இந்திய முதியோர் சேர்ந்து வாழும் ஷாந்திநிகேதனில் ஒரு மதியம் பேசிவிட்டு, ஊருக்குப் போனதும் வீட்டை விற்றுவிட்டார்கள். முதல் புயல் வெளியேற்ற அறிவிப்பு வந்தபோது எங்கே போவது என்றுகூட அவர்களுக்குத் தெரியவில்லை. திரும்பிப் போக நினைத்தபோது, விற்ற வீட்டின் விலை அவர்கள் எட்ட முடியாத உயரத்தில் இருந்தது.

வடக்கே உள்ள வீட்டை ஒரு வருடம் வாடகைக்கு விட்டுவிட்டு, இங்கே ஆகஸ்டும் செப்டம்பரும் வாடகை வீட்டில் இருந்து பார்க்க வேண்டும் என்று வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன். எனக்குக் கமிஷன் தள்ளிப்போகும், பரவாயில்லை. எடிசன் தம்பதியர் அந்த முருங்கை மர வீட்டுக்கு விலை பேசவில்லை. வரும் செப்டம்பருக்காக அதே தெருவில் ஒரு வீட்டை மாத வாடகைக்குப் பிடித்து, முன்பணம் அனுப்பியிருக்கிறார்கள்.