சர்வருக்கு 2.13 டாலர் போதுமா? டிப்ஸ் சம்பளத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் ரெஸ்டாரண்ட் நடத்துகிறவர்களிடம், டிப்ஸ் வாங்கும் சர்வருக்கு மணிக்கு எவ்வளவு தரவேண்டும் என்று கேட்டால் பலர் சட்டென்று 2.13 டாலர் என்பார்கள். அங்கே வேலை பார்க்கிறவர்களும் அதையே நம்பி வாயை மூடிக்கொள்கிறார்கள். நான் பார்த்தவரை பாதிப் பிரச்சினை இந்த ஒரு எண்ணில்தான் தொடங்குகிறது.

ஃபெடரல், அதாவது அமெரிக்க மத்திய அரசின், குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர். 2009 ஜூலைக்குப் பிறகு அது மாறவில்லை. மாதம் 30 டாலருக்கு மேல் வழக்கமாக டிப்ஸ் கிடைக்கும் வேலை என்றால், ஓனர் தன் கையிலிருந்து 2.13 கொடுத்துவிட்டு மீதி 5.12-ஐ டிப்ஸில் வந்ததாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். இதற்கு டிப் கிரெடிட் என்று பெயர். இந்தச் சலுகை சும்மா கிடைத்துவிடாது. டிப் கிரெடிட் எடுக்கப்போகிறேன், இவ்வளவு எடுப்பேன் என்று தொழிலாளியிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டால் முழு 7.25-ஐயும் ஓனரே தரவேண்டும்.

ஃபெடரல் எண்ணோடு நின்றுவிடுவது அடுத்த தவறு. ஃபெடரல், மாநிலம், நகரம் என மூன்று அடுக்கில் சட்டம் இருந்தால் தொழிலாளிக்கு எது அதிகமோ அதுதான் செல்லும். கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், நெவாடா, மொன்டானா, மினசோட்டா, அலாஸ்கா ஆகிய ஏழு மாநிலங்களில் டிப் கிரெடிட்டே கிடையாது. டிப்ஸ் எவ்வளவு வந்தாலும் முழு குறைந்தபட்ச ஊதியத்தை ஓனர் தரவேண்டும், டிப்ஸ் அதற்கு மேல். 2.13 செல்லும் டெக்சஸில் நடத்திய அனுபவத்தோடு கலிஃபோர்னியாவில் கிளை திறக்கிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

நகரம் என்று வரும்போது இன்னும் கவனம் தேவை. கலிஃபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றி, நம்மவர்கள் அதிகம் இருக்கும் பே ஏரியாவையே எடுத்துக்கொள்வோம். 2025-ல் கலிஃபோர்னியா மாநில ஊதியம் 16.50 டாலர். அதே ஆண்டில் சான் ஹோசேயில் 17.95, சான்டா கிளாராவில் 18.20, சன்னிவேலில் 19.00, மவுண்டன் வியூவில் 19.20. எல் கமினோ ரியல் சாலையில் காரில் போனால் எந்த ஊர் எங்கே முடிகிறது என்றே தெரியாது, ஆனால் சம்பளம் மாறிவிடும். கம்பெனி எந்த ஊரில் பதிவாகியிருக்கிறது என்பது கணக்கில் வராது, ஆள் எங்கே நின்று வேலை செய்தார் என்பதுதான் கணக்கு. சான்டா கிளாரா கிச்சனில் வேலை பார்க்கிறவரை வாரத்தில் ஒரு நாள் சன்னிவேல் கிளைக்கு அனுப்பினால் அந்த நாளின் மணிக்கணக்குக்கு சன்னிவேல் ஊதியம் தரவேண்டும். இன்னொன்று, இந்த எண்கள் ஆண்டுதோறும் மாறும். மேலே சொன்ன ஊர்களில் ஜனவரி 1-ல் மாறும். சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ், சிகாகோ போன்ற இடங்களில் ஜூலை 1-ல். ஜனவரியில் ஒருமுறை பார்த்துவிட்டோம் என்று விட்டுவிட்டால் அரை வருடக் குறைபாடு சேர்ந்துவிடும். டெக்சஸில் இந்தத் தலைவலி இல்லை, தனியார் நிறுவனங்களுக்கு நகரங்கள் தனி ஊதியம் வைக்க மாநிலச் சட்டம் விடுவதில்லை.

சரி, டிப் கிரெடிட் செல்லும் இடத்துக்கே வருவோம். டெக்சஸில் உள்ள டாலஸில் ஒரு சர்வர் வாரம் 40 மணி நேரம் வேலை செய்கிறார். ஓனர் தருவது 85.20 டாலர். குறைந்தபட்சக் கணக்குப்படி அவருக்கு 290 டாலர் சேர வேண்டும். அதாவது டிப்ஸ் 204.80 வந்தாக வேண்டும். வந்தது 150 என்றால் மீதி 54.80-ஐ ஓனர் போட வேண்டும். இதைப் பலர் போடுவதில்லை. போடுகிறவர்களும் இரண்டு வாரச் சம்பளமாகச் சேர்த்துப் பார்க்கிறார்கள். தீபாவளி வாரம் 450 டாலர் டிப்ஸ், அடுத்த வாரம் வெறும் 100. சராசரி 275 வருகிறதே, போதுமே என்று நினைப்பார்கள். போதாது. ஒவ்வொரு வாரமும் தனிக் கணக்கு. அந்த இரண்டாவது வாரத்துக்கு 104.80 டாலர் பாக்கி.

ஓவர்டைமில் நடக்கும் தவறு இதைவிட மோசம், ஏனென்றால் அது பே ஸ்டப்பில் (சம்பளச் சீட்டில்) பார்க்கும்போது சரியாகவே தெரியும். 40 மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் 2.13-ஐ ஒன்றரையால் பெருக்கி 3.20 என்று போட்டுவிடுகிறார்கள். பெருக்க வேண்டியது 7.25-ஐ. அது 10.88 ஆகும். அதிலிருந்து 5.12-ஐக் கழித்தால் மணிக்கு 5.76 டாலர். வாரம் 10 மணி நேரம் ஓவர்டைம் செய்கிறவருக்கு இந்த ஒரு பெருக்கல் தவறால் வாரத்துக்கு 25 டாலருக்கு மேல் போகிறது. உங்கள் ஸ்டப்பில் ஓவர்டைம் பக்கத்தில் 3.20 என்று இருந்தால் அங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பிடித்தம். தட்டு உடைந்தது, கஸ்டமர் பில் கட்டாமல் போய்விட்டார், யூனிஃபார்ம் விலை என்று கழிப்பார்கள். முழு டிப் கிரெடிட் எடுக்கும் ஓனர் ஏற்கெனவே சட்டத்தின் அடிமட்டத்தில்தான் சம்பளம் தருகிறார். அதிலிருந்து இப்படி ஒரு டாலர் கழித்தாலும் சம்பளம் குறைந்தபட்சத்துக்குக் கீழே போய்விடும், சட்டப்படி கூடாது.

டிப்ஸ் யாருடையது என்பதில் 2018-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கொண்டுவந்த திருத்தம் தெளிவாக இருக்கிறது. ஓனரோ, மேனேஜரோ, சூப்பர்வைசரோ தொழிலாளியின் டிப்ஸில் கை வைக்கக் கூடாது. முழு குறைந்தபட்ச ஊதியம் தருகிற கடையிலும் இதே விதிதான். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் ஓனர் "நானும்தானே பரிமாறினேன்" என்று டிப் பூலில் (டிப்ஸை ஒன்றாகச் சேர்த்துப் பங்கிடுவதில்) பங்கு எடுப்பது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் அது அப்பட்டமான மீறல். தோசை மாஸ்டருக்கும் பாத்திரம் கழுவுகிறவருக்கும் பங்கு தரலாமா? ஃபெடரல் சட்டப்படி, டிப் கிரெடிட் எடுக்காமல் எல்லோருக்கும் முழு ஊதியம் தருகிற கடையில் தாராளமாகத் தரலாம். டிப் கிரெடிட் எடுக்கிற கடையில் சர்வர், மேஜை துடைக்கும் பஸ்ஸர், மது ஊற்றிக் கொடுக்கும் பார்ட்டெண்டர் போல வழக்கமாக டிப்ஸ் பெறுகிறவர்களுக்குள் மட்டுமே பூல் இருக்க முடியும். சமையலறையில் வேகிறவர்களுக்கும் பங்கு போக வேண்டும் என்று விரும்பும் ஓனர் முதலில் முழுச் சம்பளம் தரட்டும். அதுதான் நியாயமும்கூட.

பெரிய கூட்டத்துக்கான பில்லில் 18 சதவீதம் என்று கட்டாயமாகச் சேர்ப்பதை டிப்ஸ் என்று நினைத்துவிடாதீர்கள். கட்டாயக் கட்டணம் என்பதால் ஃபெடரல் கணக்கில் அது கடையின் வருமானம். கஸ்டமர் சர்வருக்குப் போகிறது என்று நம்பிக் கொடுப்பார், சர்வர் கைக்கு ஒன்றும் வராமல் போகலாம்.

இந்த ஊதியச் சட்டம் விசாவைப் பார்ப்பதில்லை. எந்த நிலையில் இருந்தாலும், செய்த வேலைக்குச் சம்பளம் கேட்கலாம். கேட்டதற்காக வேலையை விட்டு எடுப்பதும் சட்டவிரோதம். தொழிலாளர் துறையின் வேஜ் அண்ட் அவர் பிரிவில் புகார் கொடுத்தால் பெயரை வெளியே விட மாட்டார்கள், கட்டணமும் இல்லை. ஆனால் காலம் கடத்தக் கூடாது. ஃபெடரல் சட்டப்படி பாக்கியைக் கேட்க இரண்டு ஆண்டுகள்தான், ஓனர் தெரிந்தே செய்தார் என்றால் மூன்று. பாக்கிக்குச் சமமான தொகை நஷ்ட ஈடாகவும் கிடைக்க வழி உண்டு. அதற்கு ஆதாரமாக, வேலைக்கு வந்த நேரம், போன நேரம், அன்றைய டிப்ஸ் மூன்றையும் ஒவ்வொரு ஷிஃப்ட் முடிந்ததும் போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கடையின் கணக்கு சரியில்லாதபோது அந்தக் குறிப்பையும் சாட்சியாக எடுத்துக்கொள்வார்கள்.