செம்பருத்திப் பூவிலிருந்து தாவரவியல் பெயர் வரை: தொடக்கநிலையினருக்கான செய்முறை

தாவர வகைப்பாட்டைக் கற்கத் தொடங்குவோர் பெரும்பாலும் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்வதில் இறங்கிவிடுகிறார்கள். ஒரே ஒரு பூவைப் பொறுமையாகப் பிரித்துப் பார்த்து, அதன் பெயர் எந்தெந்த உறுப்புகளைச் சான்றாகக் கொண்டு நிற்கிறது என்று அறிந்துகொள்வது அதைவிடப் பன்மடங்கு பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைலென்ஸ், ஒரு பிளேடு, ஊசி, வெள்ளைத் தாள், குறிப்பேடு ஆகியவற்றோடு, ஓரடுக்குச் செம்பருத்திப் பூ ஒன்றை இலைக் கிளையோடு எடுத்துக்கொள்ளுங்கள். அடுக்குச் செம்பருத்தி வேண்டாம்; அதில் மகரந்தத்தாள்கள் பல இதழ்களாக மாறியிருப்பதால் அமைப்பு தெளிவாகத் தெரியாது.

படி 1: இலையிலிருந்து தொடங்குங்கள்

இலைகள் தண்டில் மாற்றடுக்கில் (ஒரு கணுவுக்கு ஒன்றாக, பக்கம் மாறி மாறி) இருக்கின்றனவா, எதிரெதிராக இருக்கின்றனவா என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். செம்பருத்தியில் மாற்றடுக்கு; காம்பின் அடியில் மெல்லிய இலையடிச் செதில்கள் இரண்டு இருக்கும். நரம்புகள் வலை போலப் பின்னியிருப்பதும், இதழ்கள் ஐந்தாக இருப்பதும் இது இருவிதையிலைத் தாவரம் என்பதைக் காட்டுகின்றன. ஒருவிதையிலைத் தாவரங்களில் பொதுவாக நரம்புகள் இணையாக ஓடும். பூவுறுப்புகள் மும்மூன்றாக அமையும். ஆனால் ஒருவிதையிலையைச் சேர்ந்த வள்ளிக்கிழங்குக் கொடியிலும் (சர்க்கரைவள்ளி அல்ல) வலைப்பின்னல் நரம்புகள் உண்டு. ஆகவே ஒற்றை அடையாளத்தை மட்டும் நம்பி முடிவுக்கு வரக் கூடாது.

படி 2: பூவை வெளியிலிருந்து உள்நோக்கிப் பிரியுங்கள்

மிக அதிக நேரத்தை இந்தப் படிக்கே ஒதுக்குங்கள். பூவின் அடியில் குறுகிய பசுஞ்செதில்கள், பெரும்பாலும் ஆறு அல்லது ஏழு, வட்டமாக நிற்பதைக் காண்பீர்கள். இது புறப்புல்லி வட்டம். அதற்குள் ஐந்து மடல்கள் கொண்ட மணி வடிவப் புல்லி வட்டமும், அதையடுத்து ஐந்து இதழ்களும் உள்ளன. இதழ்களை ஒவ்வொன்றாக இழுத்தெடுத்தால் நடுவில் நீண்ட குழாய் ஒன்று எஞ்சும். எண்ணற்ற மகரந்தத்தாள்களின் இழைகள் ஒன்றாக இணைந்து உருவான குழாய் அது. ஊசியால் அதை நீளவாக்கில் கீறித் திறந்தால் உள்ளே மெல்லிய சூலகத்தண்டு ஓடுவதும், அது நுனியில் ஐந்து கிளைகளாகப் பிரிந்து வெளிவருவதும் தெரியும். இறுதியாக, அடியிலுள்ள சூலகத்தைப் பிளேடால் குறுக்கே வெட்டி லென்ஸில் பாருங்கள்: ஐந்து அறைகள், அறைகளின் நடு அச்சில் ஒட்டியிருக்கும் சூல்கள். பார்த்தவற்றை அப்படியே வரைந்து வையுங்கள்.

படி 3: குடும்பத்தைக் கண்டறியுங்கள்

குழாயாக இணைந்த மகரந்தத்தாள்களும், பெரும்பாலும் அதனுடன் காணப்படும் புறப்புல்லி வட்டமும் மால்வேசி குடும்பத்தை நோக்கி இட்டுச் செல்லும் அடையாளங்கள். தாவரக் குடும்பப் பெயர்கள் ‘ஏசி’ என்றும், அவற்றுக்கு மேலுள்ள துறைகளின் பெயர்கள் ‘ஏல்ஸ்’ என்றும் முடியும். மால்வேசி குடும்பம் மால்வேல்ஸ் துறையில் அடங்கும்.

படி 4: பேரினத்தைப் பிரித்தறியுங்கள்

ஒரு குடும்பத்துக்குள் நெருங்கிய உறவுடைய சிற்றினங்களின் (தனித்தனித் தாவர வகைகளின்) தொகுதியே பேரினம். வெண்டைப் பூ ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குடும்பம் ஒன்றுதான், மகரந்தத்தாள் குழாயும் ஒரே மாதிரிதான். ஆனால் வெண்டையில் பூ விரியும்போது புல்லி வட்டம் ஒரு பக்கமாகக் கிழிந்து, பின்னர் இதழ்களோடு சேர்ந்தே உதிர்ந்துவிடும். செம்பருத்தியின் பேரினமான ஹைபிஸ்கஸில் ஐந்து மடல்களும் சீராக நின்று, இதழ்கள் உதிர்ந்த பின்னும் தங்கும். இந்த வேறுபாடு வெண்டையை ஏபெல்மாஸ்கஸ் என்ற தனிப் பேரினமாகப் பிரிப்பதற்கு ஒரு முக்கியச் சான்று.

படி 5: பெயரை முறையாக எழுதுங்கள்

ஸ்வீடன் தாவரவியலாளர் கார்ல் லின்னேயஸ் 1753-ல் வெளியிட்ட ‘ஸ்பீசீஸ் பிளாண்டாரம்’ நூலே பூக்கும் தாவரங்களின் பெயரிடலுக்குத் தொடக்கப் புள்ளியாக ஏற்கப்பட்டுள்ளது. பெயரின் முதல் சொல் பேரினம். இரண்டாவது சொல் சிற்றினத்தைக் குறிக்கும். இலத்தீன் எழுத்துகளில் எழுதும்போது பேரினப் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கும், சிற்றினச் சொல் சிறிய எழுத்தில் தொடங்கும். இரண்டும் சாய்வெழுத்தில் அமையும். அதன்பின் பெயரிட்டவரின் சுருக்கம் வரும்: ஹைபிஸ்கஸ் ரோசா-சைனென்சிஸ் எல். இதில் ‘எல்.’ என்பது லின்னேயஸைக் குறிக்கும்.

வெண்டையின் பெயரில் அடைப்புக்குறி இருப்பதைக் கவனியுங்கள்: ஏபெல்மாஸ்கஸ் எஸ்குலென்டஸ் (எல்.) மோன்ச். லின்னேயஸ் அதை ஹைபிஸ்கஸில் வைத்துப் பெயரிட்டார். 1794-ல் தாவரவியலாளர் மோன்ச் வேறு பேரினத்துக்கு மாற்றினார். முதலில் பெயரிட்டவர் அடைப்புக்குறிக்குள்ளும், மாற்றியவர் வெளியிலும் நிற்க, ஒரு வரியிலேயே அந்தத் தாவரத்தின் பெயர் வரலாறு பதிவாகிவிடுகிறது. இந்த நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தமானது.

படி 6: ஏற்புடைய பெயரா என்று சரிபாருங்கள்

உறவுகள் குறித்த சான்றுகள் திருந்தும்போது பெயர்களும் மாறும். லின்னேயஸ் சொலானம் பேரினத்தில் வைத்த தக்காளியை 1768-ல் தாவரவியலாளர் மில்லர் லைகோபெர்சிகான் எஸ்குலென்டம் ஆக்கினார். மரபணு ஆய்வுகளுக்குப் பின் அது மீண்டும் சொலானம் லைகோபெர்சிகம் ஆகிவிட்டது. பழைய நூல்களில் உள்ள பெயர் இப்போது இணைப்பெயராக, அதாவது அதே தாவரத்துக்கான ஏற்கப்படாத மாற்றுப் பெயராக, மட்டுமே நிற்கிறது. கியூ தாவரவியல் பூங்காவின் ‘பிளாண்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்ட் ஆன்லைன்’ தளத்தில் எந்தப் பெயரை இட்டாலும் அது ஏற்புடைய பெயரா, இணைப்பெயரா என்பது தெரிந்துவிடும்.

படி 7: குறிப்புச் சீட்டு எழுதுங்கள்

பிரித்த பூவின் உறுப்புகளைத் தாளில் அழுத்தி உலர்த்தி, பெயரிட்டவரின் சுருக்கத்தோடு தாவரத்தின் பெயர், குடும்பம், சேகரித்த இடம், நாள், அந்த இடம் கடல் மட்டத்திலிருந்து இருக்கும் உயரம், உலர்ந்தால் மாறக்கூடிய பூ நிறம் ஆகியவற்றைச் சீட்டில் எழுதுங்கள். வளர்ப்பு ரகமாக இருந்தால் ரோசா ‘பீஸ்’ என்பது போல ரகப் பெயரை ஒற்றை மேற்கோளுக்குள், சாய்வெழுத்து இல்லாமல் சேர்க்க வேண்டும். சிற்றினத்தில் ஐயம் இருந்தால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பின்னால் வருபவர் உலர்ந்த மாதிரியைப் பார்த்து அதை நிரப்பிக்கொள்ள முடியும்.