இலங்கை மலையகத்தில் வகுப்புத் தோழர் ஒன்றுகூடல்: டிக்கெட் போடுவதற்கு முன்

முதலில் விமான டிக்கெட்டைப் போட்டுவிட்டு, அப்புறம் "மச்சான், ஆகஸ்ட்ல வாறோம், எல்லாரையும் கூப்பிடு" என்று வாட்ஸ்அப்பில் அறிவிப்பதுதான் வெளிநாட்டில் இருக்கும் நாம் வழக்கமாக விடும் பிழை. நாங்களும் விட்டோம். 1984இல் ஹட்டன் பக்கம் ஓ.எல். (சாதாரண தரப் பொதுப் பரீட்சை) எழுதிய வகுப்பு எங்களுடையது. டொரொண்டோவில் நாலு பேர் உட்கார்ந்து, நம் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையைப் பார்த்துத் திகதி குறித்தோம். ஊரில் இருந்த நண்பன் அனுப்பிய பதில் இவ்வளவுதான்: "வாங்க. குடையோட வாங்க."

ஹட்டன், வட்டவளை, மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. இங்கே வளர்ந்தவனுக்கு இது மறந்துபோனது வெட்கம்தான். பதுளை, பண்டாரவளைப் பக்கத்துப் பாடசாலை என்றால் கதை வேறு. அங்கே ஆகஸ்ட் நல்ல வெயில், வருடக் கடைசியில்தான் மழை. தீபாவளிக்குக் கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் எல்லாரும் ஊருக்கு வருவார்கள், அதனால் அது வசதி என்று தோன்றும். ஆனால் ஒக்டோபர், நவம்பர் மண்சரிவுக் காலம். ஏப்ரலில் நுவரெலியாவில் சுற்றுலா சீசன், வீதியில் வாகனம் நகராது. தோட்டங்களில் மாரியம்மன் திருவிழாவும் பெரும்பாலும் அதை ஒட்டியே வரும். காப்புக் கட்டிவிட்டால் சிலர் வெளியில் கை நனைக்கமாட்டார்கள். ஹட்டன் பக்கம் என்றால் தைப்பொங்கலுக்குப் பிறகு வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்பது என் தீர்மானம். டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமி) மே மாத வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் என்பதால் ஹட்டனில் தங்குமிடம் இறுக்கமாக இருக்கும். போயாவை ஒட்டிய வார இறுதியை மட்டும் விட்டுவிடுங்கள்.

திகதியை விடப் பெரிய விஷயம் காசு. எங்கள் குழுவில் ஒருவர் நுவரெலியாவில் ஹோட்டல் பார்த்து, ஆளுக்கு 6,500 ரூபாய் என்று போட்டார். கனடாக் கணக்கில் ஒரு பீட்சா. குழுவில் யாரும் மறுத்துப் பேசவில்லை, எல்லாரும் கைகூப்பும் படத்தைப் போட்டார்கள். இரவு நண்பன் தனியாக அழைத்தான். "மச்சான், 2024ல தோட்டத்து நாட்சம்பளம் 1,350ன்னு ஆக்கினாங்க. நீ கேக்கறது அஞ்சு நாள் கொழுந்து. தோட்டத்துல எங்க டிவிஷன்ல ஒருத்தரும் வரமாட்டாங்க. வரலேன்னும் சொல்லமாட்டாங்க." அதற்குப் பிறகுதான் இடத்தைப் பாடசாலை மண்டபத்துக்கு மாற்றினோம்.

"நாங்களே எல்லாம் போடுகிறோம்" என்று சொல்வதும் சரியாக வராது. அது விருந்தாளியை அழைத்துச் சோறு போடுகிற கதை ஆகிவிடும். நாங்கள் செய்தது இது: மொய் நோட்டு மாதிரி ஒரு கொப்பி வைத்தோம், ஆனால் பெயர் மட்டும் எழுதினோம், தொகை எழுதவில்லை. நூறு ரூபாய் கொடுத்தவருக்கும் ஒரு சரி அடையாளம், நூறு டொலர் கொடுத்தவருக்கும் அதே அடையாளம். கொப்பி ஊரிலிருந்த இருவரின் கையில். பணத்தை அனுப்பினால் அவர்கள் இருவர் பெயரிலும் உள்ள கூட்டுக் கணக்குக்கு அனுப்புங்கள். ஒருவர் தலையில் கட்டினால் பிறகு அவருக்குத்தான் கெட்ட பெயர். சம்பளம் போட்ட வாரமாகப் பார்த்துத் திகதி வைத்ததும் உதவியது.

ஆட்களைத் தேடுவது தனி வேலை. அதிபரிடம் முறையாகக் கடிதம் கொடுத்தால் பழைய இடாப்பை (மாணவர் பதிவேட்டை) பார்க்க விடலாம். ஆனால் அதில் இருப்பது முதலெழுத்தும் தோட்டத்துப் பெயரும்தான். எங்கள் பழைய வகுப்புப் படத்தின் பின்பக்கம் யாரோ பென்சிலில் பெயர் எழுதியிருந்தார்கள். அதில் மூன்று பேருக்கு நேரே "இந்தியா" என்று மட்டும் இருந்தது. தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தப்படி தலைமன்னாரில் கப்பலேறிப் போன குடும்பத்துப் பிள்ளைகள். 1984இல் கப்பல் நின்றது. அதற்கு முந்திய வருடங்களில் படித்த எந்த மலையக வகுப்பிலும் இப்படிச் சிலர் இருப்பார்கள். கோத்தகிரி, கூடலூர் பக்கத்துச் சொந்தக்காரர்களிடம் விசாரித்துப் பாருங்கள், தகவல் வரும். வரமுடிந்தவருக்குத் திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானம் இருக்கிறது. நாகப்பட்டினம் காங்கேசன்துறைக் கப்பலும் 2023இல் தொடங்கியது, ஆனால் யாழ்ப்பாணத்தில் இறங்கி ஹட்டன் வர இன்னொரு முழு நாள் வேண்டும்.

பெண்களைத் தேடுவது இன்னும் கஷ்டம். கல்யாணத்துக்குப் பிறகு முதலெழுத்து மாறியிருக்கும், தோட்டம் மாறியிருக்கும், கையில் இருக்கும் போன் மகனுடையதாக இருக்கும். ஆண்கள் தேடினால் வீட்டில் வேறு மாதிரிக் கேள்வி வரும். அந்த வேலையை வகுப்பில் படித்த ஒரு பெண்ணிடமே கொடுங்கள். எங்களுக்கு அதைச் செய்தவர் நோர்வூட்டில் தையல் கடை வைத்திருப்பவர். ரவிக்கை தைக்க வந்தவர்களிடம் விசாரித்தே ஒன்பது பேரைக் கண்டுபிடித்தார். எங்களுடைய பேஸ்புக் தேடலில் அகப்பட்டது ஒருவர்.

மண்டபத்துக்கு அதிபரின் அனுமதி வேண்டும், அவர் வலயக் கல்வி அலுவலகத்திலும் கேட்கச் சொல்லலாம். பரீட்சை நிலையமாக இருக்கும் நாட்களில் கிடைக்காது. பாடசாலைக்கு ஏதாவது கொடுக்க நினைத்தால் அங்கிருப்பவர்களைக் கேட்ட பிறகு வாங்குங்கள், பாடசாலை அபிவிருத்திச் சங்கம் வழியாகக் கொடுங்கள். நாங்கள் ஆசையாக ஒரு போட்டோகொப்பி மெஷின் கொடுத்தோம். மை வாங்கக் காசில்லாமல் அது இப்போது துணி போர்த்தி நிற்கிறது. அவர்களுக்கு வேண்டியிருந்தது தண்ணீர்த் தாங்கி.

பயணத்துக்கு: கொழும்பிலிருந்து அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை வழியாக வேனில் நாலைந்து மணித்தியாலம். ரயில் ஆசை எல்லாருக்கும் உண்டு. ஆனால் 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மலைநாட்டுப் பாதை பல இடங்களில் உடைந்தது, எதுவரை ஓடுகிறது என்று கேட்டுவிட்டுத் திட்டம் போடுங்கள். ஸ்வெட்டர் கட்டாயம்.

அன்றைக்கு எல்லாருக்கும் சட்டையில் குத்த ஒரு அட்டை எழுதினோம். பெயர், அதன் கீழே அப்போது இருந்த தோட்டமும் டிவிஷனும். இப்போது என்ன வேலை, எந்த நாடு என்று எதுவும் இல்லை. காலையில் "நீங்க யாருங்க?" என்று தயங்கியவர்கள் அட்டையைக் குனிந்து படித்ததும், "அட, மேட்டு லயத்துக் கணக்கப்பிள்ளை மகளா!" என்று ஆரம்பித்துவிட்டார்கள். பேச்சாளர் பட்டியல் போட்டிருந்தோம், இரண்டாவது ஆளோடு அது கைவிடப்பட்டது. பகல் சாப்பாட்டுக்குச் சமையல்காரர் வைத்துப் பிரியாணி. அது மிஞ்சியது. நான்கு பெண்கள் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த ரொட்டியும் கட்டச்சம்பலும் பத்தே நிமிடத்தில் தீர்ந்தது.

போத்தல் விஷயம்: பாடசாலைக்குள் கூடவே கூடாது. "கொஞ்சம் வெளியில போயிட்டு வாறோம்" என்று நாலு பேர் கிளம்பினாலும் பெண்கள் எழுந்து போய்விடுவார்கள். எங்களுக்கு மூன்று மணிக்கே அது நடந்தது. வேண்டுமானால் இரவில், தங்குமிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேல் டிவிஷன்களுக்குக் கடைசி பஸ் நேரத்தோடு போய்விடும், அதனால் திரும்பிப் போக வேன் முன்கூட்டியே பேசி, பெண்களையும் வயதான ஆசிரியர்களையும் முதல் நடையில் அனுப்புங்கள். டிரைவருக்கும் ஒரு சாப்பாட்டுப் பார்சல் எடுத்து வையுங்கள்.