பார்சிலோனாவுக்குப் புதிதா? அரசு மாறினால் உங்கள் காகிதங்கள் என்ன ஆகும்

வந்த முதல் வாரத்திலேயே சான்ட் ஜௌமா சதுக்கத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். எதிரெதிரே இரண்டு பழைய கட்டடங்கள் நிற்கும். ஒன்று மாநகராட்சி. இன்னொன்று ஜெனரலிதாத், அதாவது கத்தலோனியா அரசின் தலைமையிடம். மூன்றாவது அரசு, அதாவது ஸ்பெயினின் மத்திய அரசு, மத்ரீத்தில். எந்தக் காகிதம் எந்த வாசலில் கிடைக்கும் என்று பிடிபட்டுவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

குடியிருப்புப் பதிவான பத்ரோன் மாநகராட்சியில். வெளிநாட்டவர் எண்ணும் குடியிருப்பு அட்டையும் மத்ரீத் அரசின் பொறுப்பு. மருத்துவ அட்டை, பிள்ளைகளின் பள்ளி, தெருவில் பார்க்கும் மோசோஸ் போலீஸ் எல்லாம் ஜெனரலிதாத்.

2022 அக்டோபரில் ஒரு ராத்திரி, வந்து மூன்று மாதமே ஆன தம்பி ஒருவர் போன் செய்தார். "அண்ணா, கவர்மென்ட் கவுந்துடுச்சாமே, என் மருத்துவ அட்டை செல்லுமா?" குரலில் அவ்வளவு பயம். உண்மையில் அரசு கவிழவில்லை, கூட்டணிதான் உடைந்திருந்தது. அந்தக் கதை தெரிந்தால் இந்த ஊர் அரசியல் பாதி விளங்கிவிடும்.

கத்தலோனியா நாடாளுமன்றத்தில் 135 இடங்கள், பெரும்பான்மைக்கு 68. 2021 பிப்ரவரி தேர்தலில் சோசலிஸ்டுகளுக்கும் எஸ்கேர்ரா கட்சிக்கும் தலா 33, ஜுன்ட்ஸ் கட்சிக்கு 32. எஸ்கேர்ராவும் ஜுன்ட்ஸும் தனிநாடு கேட்பவர்கள்தான், ஆனாலும் பேரம் மாதக்கணக்கில் இழுத்தது. மார்ச்சில் இரண்டு வாக்கெடுப்புகளில் தோற்ற எஸ்கேர்ராவின் பெரே அரகோனெஸ், மே 21 அன்றுதான் கத்தலோனியா அரசின் தலைவரானார். 14 துறைகளை ஆளுக்கு 7 என்று பிரித்துக்கொண்டார்கள். மருத்துவமும் நிதியும் ஜுன்ட்ஸுக்கு, கல்வியும் காவல்துறையும் எஸ்கேர்ராவுக்கு.

மத்ரீத்துடன் பேச்சுவார்த்தை நடத்தலாம் என்றது எஸ்கேர்ரா. அதில் ஜுன்ட்ஸுக்கு நம்பிக்கை இல்லை. 2022 செப்டம்பரில் அரகோனெஸ் நம்பிக்கை வாக்கெடுப்பைச் சந்திக்க வேண்டும் என்று ஜுன்ட்ஸ் பேச, 28ஆம் தேதி இரவே அக்கட்சியைச் சேர்ந்த துணைத் தலைவர் ஜோர்தி புய்க்நெரோவை அவர் நீக்கிவிட்டார். அடுத்த வாரம் ஜுன்ட்ஸ் உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். 55 சதவீதத்துக்குச் சற்று மேலானோர் அரசிலிருந்து வெளியேறுவோம் என்றனர். அரகோனெஸ் காலியான துறைகளுக்கு வேறு ஆட்களைப் போட்டு, வெறும் 33 இடங்களோடு ஆட்சியைத் தொடர்ந்தார். அது எப்படிச் சாத்தியமானது? இங்கே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவருபவர்கள் மாற்றுத் தலைவர் யார் என்றும் அதிலேயே சொல்லி, அவருக்கும் சேர்த்துப் பெரும்பான்மை காட்ட வேண்டும். அது எளிதில் நடக்காது.

சுகாதார அமைச்சர் மாறினார். தம்பியின் அட்டையோ, அவர் பேட்டை மருத்துவ மையமோ மாறவில்லை.

அந்த ஆட்சியை முடித்துவைத்தது பட்ஜெட். 2024 மார்ச்சில் அது தோற்றது; தர்ரகோனா பக்கம் வரவிருந்த பெரிய சூதாட்ட விடுதித் திட்டத்தை எதிர்த்து கொமுன்ஸ் கட்சி வாக்களித்தது முக்கியக் காரணம். அதனால் அரகோனெஸ் முன்கூட்டியே தேர்தலை அறிவித்தார். மே 12 அன்று நடந்த அந்தத் தேர்தலில் சோசலிஸ்டுகள் 42 இடம் பிடித்தார்கள். எஸ்கேர்ராவின் 20, கொமுன்ஸின் 6 சேர, சரியாக 68 வாக்குகளில் ஆகஸ்ட் 8 அன்று சோசலிஸ்டுகளின் சால்வடோர் இய்யா தலைவரானார். இந்த முறை கூட்டணி கிடையாது. அந்த இரு கட்சிகளும் வெளியிலிருந்து ஆதரவு, அமைச்சரவை சோசலிஸ்டுகள் பொறுப்பில்.

ஆட்சி மாறும்போது துறைகளின் பெயரும் பிரிவும் மாறும், விண்ணப்பத்தின் தலைப்பு மாறும், இணையதளத்தில் பழைய இணைப்பு வேலை செய்யாது. அதனால் எதைக் கொடுத்தாலும் தேதியும் பதிவு எண்ணும் உள்ள ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பெயர் மாறினாலும் அந்த எண்ணை வைத்துத் தேடலாம்.

இந்திய, இலங்கைக் குடியுரிமையோடு இங்கே எந்தத் தேர்தலிலும் வாக்களிக்க முடியாது. குடியுரிமைக்கு நம்மவர்கள் பொதுவாக 10 ஆண்டுகள் சட்டப்படி வசித்திருக்க வேண்டும்.

இய்யா அரசு மொழிக்கென்றே தனித் துறை அமைத்திருக்கிறது. ஆரம்பநிலை கத்தலான் வகுப்புகள் இலவசம். ஸ்பானிஷ் போதுமே என்று நினைக்காதீர்கள். பள்ளியிலிருந்து வரும் கடிதங்கள் கத்தலானில்தான் இருக்கும். பத்ரோன் கையில் கிடைத்த வாரமே போய்ப் பெயர் கொடுத்துவிடுங்கள்.