புற்றுநோய்க்குக் கீமோ (கீமோதெரபி என்ற மருந்துச் சிகிச்சை) எடுக்கும் தோழிக்கு நாம் என்ன செய்யலாம்?

"ஏதாவது வேணும்னா சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். உடம்பு முடியாதவர் வாய்விட்டுக் கேட்கத் தயங்குவார். "செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு நான் கூட வர்றேன்", "பாப்பாவை டியூஷன்ல இருந்து நான் கூட்டிட்டு வந்துடறேன்" என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.

சாப்பாடு கொண்டுபோவதற்கு முன் என்ன பிடிக்கிறது என்று அன்றன்றைக்குக் கேளுங்கள். போன வாரம் பிடித்தது இந்த வாரம் குமட்டலாம். தாளிக்கிற வாசனையே சிலருக்கு ஆகாது. வாயில் புண் இருந்தால் காரமும் புளிப்பும் எரியும். குழைய வடித்த சாதம், இட்லி, ஆறிய கஞ்சி இறங்கும். நாக்கில் இரும்புச் சுவை தட்டினால் எவர்சில்வர் ஸ்பூனுக்குப் பதில் மரக்கரண்டி கொடுத்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், காய்ச்சல். பல கீமோ மருந்துகளில், போட்ட 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்துவிடும். அப்போது சாதாரணத் தொற்றுகூட உயிருக்கு ஆபத்து. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நடுராத்திரியானாலும் உடனே டாக்டருக்குப் போன் செய்து கிளம்புங்கள். ஒரு நல்ல தெர்மாமீட்டர் வாங்கிக் கொடுங்கள், பழக்கூடையைவிட அது உதவும். உங்களுக்குச் சளி என்றால் நேரில் போகாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் மூலிகை வைத்தியங்களை அனுப்பவே வேண்டாம். சில மூலிகைகள் கீமோ மருந்தின் வேலையைக் கெடுத்துவிடும்.

கடைசி கீமோ முடிந்த பிறகும் அசதி மாதக்கணக்கில் இருக்கலாம். விசாரிக்க வருபவர்கள் குறைந்துபோவதும் அப்போதுதான். அந்த மாதங்களிலும் போய்ப் பாருங்கள்.