மரங்கொத்தியைப் பார்க்க முதலில் காதைத் தீட்டுங்கள்

நம் ஊர்த் தென்னந்தோப்பிலும் மாந்தோப்பிலும் அதிகம் தென்படுவது பொன்முதுகு மரங்கொத்தி. மைனாவைவிடக் கொஞ்சம் பெரியது. இலைகளுக்குள் தேடினால் கண் வலிக்கும்; குரலைப் பிடியுங்கள். கடகடவென்று கீச்சுக்குரலில் சிரிப்பதுபோல் கத்திக்கொண்டே பறக்கும். அப்போது சிறகை நாலைந்து முறை அடித்துவிட்டு மடக்கிக்கொள்வதால் ஏறி இறங்கி அலைபோலப் போகும். எந்த மரத்தில் போய் ஒட்டுகிறது என்று பார்த்து வையுங்கள்.

உடனே கிட்டே போகாதீர்கள். ஆள் வருவது தெரிந்தால் தண்டின் மறுபக்கம் நகர்ந்து ஒளிந்துகொள்ளும். நீங்கள் சுற்றினால் அதுவும் சுற்றும். தள்ளி நின்று அசையாமல் இருங்கள், தானே மேலேறி வெளியே வரும். விறைப்பான வாலை மரத்தில் ஊன்றி, அதன்மேல் சாய்ந்தபடி கொத்துவதைப் பைனாகுலரில் பார்ப்பது அப்படி ஒரு சுகம்!

ஆணுக்கு நெற்றியிலிருந்தே உச்சி முழுக்கச் சிவப்பு. பெண்ணுக்கு முன்னந்தலை கறுப்பு, அதில் வெள்ளைப் புள்ளிகள். பின்கொண்டை மட்டும் சிவப்பு. மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் போனால் வாலுக்கு மேலே, பிட்டத்தைக் கவனியுங்கள். இதற்குக் கறுப்பு, அங்கே காட்டில் உள்ள மற்ற பொன்முதுகு இனங்களுக்குச் சிவப்பு. தொண்டையும் உதவும்: இதற்குக் கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும்.

பொந்தில் குஞ்சு இருந்தால் மட்டும் தயவுசெய்து விலகிவிடுங்கள். பட்டுப்போன மரத்தை வெட்டாமல் விட்டால் அடுத்த வருஷமும் வரும்.