கொத்தனார் உங்கள் ஆளா, தனி கான்ட்ராக்டரா? எப்படிக் கண்டுபிடிப்பது

வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் தரைத்தளமும் இரண்டு மாடியுமாகக் கட்டிக் கொடுக்கிற சின்ன பில்டர் யாரைக் கேட்டாலும், "நமக்கு ஆளே கிடையாதுங்க, எல்லாம் லேபர் கான்ட்ராக்ட்தான்" என்பார். மேஸ்திரியிடம் பத்திரத்தில் கையெழுத்தும் வாங்கி வைத்திருப்பார். சாரம் சரிந்து யாராவது விழுந்தால், அந்தப் பத்திரத்தை மட்டும் காட்டித் தப்பிக்க முடியாது.

அதனால் பத்திரத்தை ஓரமாக வைத்துவிட்டு, சைட்டில் நடப்பதைப் பாருங்கள். எத்தனை மணிக்கு வரவேண்டும், எந்தச் சுவரை முதலில் எடுக்கவேண்டும் என்று சொல்வது யார்? கலவை மிஷின், சாரம், சென்ட்ரிங் பலகை யாருடையது? பூச்சு விரிசல் விட்டால் திரும்பப் பூசும் செலவு யார் தலையில்?

தண்டையார்பேட்டையிலிருந்து வரும் டைல்ஸ்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டர் அவருடையது, ரேட் அவர் சொல்வது, இரண்டு நாள் வேறு சைட்டுக்குப் போய்விட்டு வருவார், கோணலாக ஒட்டினால் பெயர்த்துவிட்டுத் தன் காசில் மறுபடி ஒட்டுவார். அவர் கான்ட்ராக்டர், சந்தேகமில்லை. வருஷக்கணக்காக உங்கள் சைட் விட்டு சைட் வருகிற கொத்தனார் அப்படியில்லை. கரணையும் ரசமட்டமும் அவருடையதாக இருக்கலாம், ஆனால் சனிக்கிழமை கூலி உங்களிடம், லேட்டாக வந்தால் அரை நாள் பிடிப்பதும் நீங்கள். அவர் உங்கள் தொழிலாளிதான்.

"சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசியாச்சே" என்பது அடுத்த சமாதானம். குஜராத் உப்பளத்தில் எடைக்கணக்கில் கூலி வாங்கி, உதவிக்குத் தாங்களே ஆள் வைத்துக்கொண்ட அகாரியாக்கள் என்ற உப்பு எடுப்பவர்களையும் தொழிலாளர்கள்தான் என்று 1956லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொடுக்கும் பணத்தில் டி.டி.எஸ். என்று வருமான வரி பிடிப்பதாலும் ஒருவர் கான்ட்ராக்டர் ஆகிவிட மாட்டார்.

சிக்கலே மேஸ்திரியிடம்தான். விலை பேசி, லாப நஷ்டம் ஏற்று, தன் ஆட்களைத் தானே வேலை வாங்கினால் அவர் கான்ட்ராக்டர். தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கிக்கொண்டு சித்தாளையும் பெரியாளையும் கொண்டுவந்து இறக்குவதோடு சரி, வேலை வாங்குவது உங்கள் சூப்பர்வைசர் என்றால், அத்தனை பேரும் உங்கள் ஆட்கள் என்று ஆகிவிடலாம். 1978இல் கோழிக்கோடு கயிறு ஆலை வழக்கில் இப்படித்தான் ஆனது; நடுவில் கான்ட்ராக்டர்கள் இருந்தும் ஆலைக்காரரே முதலாளி என்று தீர்ப்பு.

மேஸ்திரி உண்மையான கான்ட்ராக்டர் என்றாலும், அவர் கூலி தராமல் போனால் உங்களிடம்தான் வருவார்கள், விபத்து நஷ்டஈடும் அப்படியே. கொடுத்துவிட்டுப் பிறகு அவரிடம் வசூலித்துக்கொள்ளலாம். 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்த பிறகும் இதிலிருந்து விடுதலை இல்லை. பிளான் அப்ரூவலின்போதே கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துக்கு 1 சதவீதம் கட்டிவிட்டோமே என்று சிலர் நினைக்கிறார்கள், அது வேறு கணக்கு.

சரி, செய்ய வேண்டியது இதுதான். யார் மூலம் வந்தவராக இருந்தாலும் தினமும் பெயர் எழுதுங்கள். ஆள் எண்ணும்போது மேஸ்திரி கூட்டிவந்தவர்களையும் சேர்த்தே எண்ணுங்கள்: 10 பேர் என்றால் இ.எஸ்.ஐ., 20 என்றால் பி.எஃப். பற்றி உங்கள் ஆடிட்டரிடம் உடனே பேச வேண்டும். கூலியை முடிந்தவரை ஜிபே மாதிரி வங்கி வழியில் போடுங்கள். மேஸ்திரியின் பில்லை விடுவதற்கு முன், அவர் ஆட்கள் கையெழுத்துப் போட்ட கூலிச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். சீட்டு வராத வாரம் பில்லும் நிற்கட்டும்.